லொறிச் சாரதியின் கைத்தொலைபேசியும் களஞ்சியத்தின் றப்பர் முத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சரக்குப் போக்குவரத்து ஆவணங்களைக் காகிதத்திலிருந்து டிஜிட்டல் முறைக்கு மாற்றுவது பற்றி இப்போது அடிக்கடி பேசப்படுகிறது. சிறு லொறிக்காரர்கள் மாற்றத்துக்கு இணங்காததே தடங்கல் என்பது பேசுகிறவர்களில் பலரின் முடிவு. திருகோணமலையில் மூன்று லொறிகளை வைத்துத் தொழில் செய்பவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க முடியவில்லை. எங்கள் சாரதிகள் வழியையும் வாடகைப் பண வரவையும் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். தடங்கல் இருப்பது சரக்கு இறங்குமிடத்தில்.

கடந்த மாரியில் தம்பலகாமத்திலிருந்து கொழும்புக்கு அரிசி மூட்டைகள் ஏற்றினோம். அனுப்பியவர் விநியோகச் சீட்டைச் செயலியிலேயே தந்து, காகிதம் தேவையில்லை என்றார். ஹபரணைக்கு அப்பால் பிடித்த மழையில் தார்ப்பாய் விலகி மூன்று மூட்டைகள் நனைந்துவிட்டன. பழைய சீட்டாக இருந்தால், களஞ்சியப் பொறுப்பாளர் அதன் ஓரத்தில் “3 மூட்டை நனைந்தது, மிகுதி சரி” என்று எழுதி ஒப்பமிட, சாரதியும் கீழே ஒப்பமிட்டு, வெள்ளைத்தாள் அவருக்கு, மஞ்சள் காபன் பிரதி எங்களுக்கு என ஐந்து நிமிடத்தில் அலுவல் முடிந்திருக்கும். செயலியில் இருந்தவையோ ஏற்றுக்கொள்ளல், நிராகரித்தல் என்ற இரண்டே பொத்தான்கள். ஏற்றுக்கொண்டால் நட்டம் பொறுப்பாளர் தலையில். நிராகரித்தால் முழுச் சரக்கும் திரும்பிவிடும். இரண்டுக்கும் துணியாமல் அவர் மேலிடத்துக்கு அழைப்பு எடுத்தபடி இருக்க, லொறி மாலைவரை வாசலில் நின்றது. கடைசியில் சாரதி பக்கத்துக் கடையில் ஒரு கொப்பி வாங்கி, தாளைக் கிழித்து விபரத்தை எழுதிக்கொடுத்தார். அதில் றப்பர் முத்திரை விழுந்த பிறகே மூட்டைகள் இறங்கின. எங்களுக்கு வாடகை கிடைத்ததும் அந்தக் கொப்பித் தாளைக் காட்டித்தான்.

குறைவு, நனைவு, கிழிவு ஆகியவற்றை இருதரப்பும் எழுதி ஒப்புக்கொள்வதற்காகவே விநியோகச் சீட்டு இருக்கிறது. அந்த ஓரத்து இடத்தை மறந்துவிட்டுச் செயலி அமைத்தவர் ஒருநாளாவது லொறியின் முன்னிருக்கையில் இருந்து பயணித்திருப்பாரா என்பது சந்தேகமே. அதிலுள்ள வாசகங்கள் தமிழில் இல்லாததும், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான காட்டுப்பாதையில் சிக்னல் அற்றுப்போனால் சீட்டே திறக்காததும் இதே அலட்சியத்தின் வேறு முகங்கள்.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இலத்திரனியல் வடிவில் இருப்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ஓர் ஆவணத்தின் சட்ட வலுவை மறுக்கலாகாது என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. கடலிலும் நிலைமை மாறிவிட்டது: கப்பலின் வருகை, புறப்பாட்டுத் தகவல்களைத் துறைமுகங்கள் ஒற்றைச் சாளர முறையில், அதாவது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இலத்திரனியல் வடிவில், பெறுவதைச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. தரையில் ஓடும் லொறிக்காரனிடம்தான் இன்னமும் “மூலப் பிரதி எங்கே?” என்று கேட்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டில் கொண்டுவந்த சரக்குப் போக்குவரத்துத் தகவல் ஒழுங்குவிதி இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கது. அது டிஜிட்டலுக்கு மாறும்படி லொறி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உரிய முறையில் இலத்திரனியல் தகவலைக் காட்டினால் அதிகாரிகள் அதை ஏற்றேயாக வேண்டும் என்ற கடமையையே விதிக்கிறது. இங்கு நடப்பது நேர்மாறு. அனுப்புகிறவர் செயலி கேட்கிறார், பெறுகிறவர் முத்திரை கேட்கிறார், வழியில் மறிப்பவர் காகிதம் கேட்கிறார். ஆகவே நாங்கள் இரண்டையும் சுமக்கிறோம், செலவும் இரட்டிப்பாகிறது.

எனவே உரிய அமைச்சும் மாவட்டச் செயலகமும் சாரதிகளுக்குப் பயிற்சிப் பட்டறை வைப்பதற்கு முன்னர், அரச களஞ்சியங்களும் வீதிச் சோதனையில் ஈடுபடுவோரும் திரையில் காட்டப்படும் சீட்டை மூல ஆவணமாக ஏற்கவேண்டும் என எழுத்துமூலம் அறிவுறுத்த வேண்டும். அச்சீட்டு மூன்று மொழிகளிலும், இணையத் தொடர்பின்றித் திறக்கக்கூடியதாகவும், குறைபாட்டை எழுத இடமுள்ளதாகவும் இருக்கட்டும். அதுவரை எங்கள் லொறிகளில் காபன் தாள் புத்தகம் இருக்கவே செய்யும்.

இப்படிக்கு,
சிறு லொறி உரிமையாளர் ஒருவர்,
திருகோணமலை.