இன்ஃப்ளேட்டருக்கு ஏழு ஆண்டு வரம்பு ஆகாது

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்துக்கும், வாகனத் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி கம்பெனிகளுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதற்கான விதி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். தாமதமாக வந்தாலும் நல்ல சட்டம். ஆனால் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பிரேக்கிலோ வயரிங்கிலோ உள்ள வடிவமைப்புக் குறை பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே தலைகாட்டிவிடும். அவற்றுக்கு இந்த வரம்பு போதும் என்று வாதிடலாம். ஏர்பேக்கை விரியச் செய்யும் இன்ஃப்ளேட்டருக்குப் போதவே போதாது. அதில் ஆபத்து முற்றுவதே அந்த வயதையொட்டித்தான். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த மடல்.

ஓட்டுநர் பக்கத்து இன்ஃப்ளேட்டர் உள்ளங்கை அளவேயான உலோகக் குடுவை. ஸ்டீயரிங்கின் நடுவில், நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. வண்டி மோதியதும் கட்டுப்பாட்டுக் கருவி மின்துடிப்பு ஒன்றை அனுப்பும். குடுவைக்குள் இருக்கும் சிறு தூண்டி பற்றிக்கொள்ள, அது வேதிக் கலவையை அழுத்திச் செய்த வில்லைகளைப் பற்றவைக்கும். அதிலிருந்து கிளம்பும் வாயு வடிகட்டியைக் கடந்து துளைகள் வழியே பாய்ந்து பையை நிரப்பும். இவ்வளவும் நடந்து முடிய ஒரு நொடியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் ஆகும். வில்லை மெதுவாக எரிந்தால், பை நிரம்புவதற்குள் தலை ஸ்டீயரிங்கில் போய் மோதிவிடும். அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்தால், துளைகளில் வெளியேற முடியாத வாயு குடுவையையே பிளந்துவிடும். உயிரைக் காக்க வந்த பையைக் கிழித்துக்கொண்டு உலோகத் துண்டுகள் கழுத்திலும் முகத்திலும் பாயும்.

ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் நடந்தது இதுதான். பழைய இன்ஃப்ளேட்டர்களில் இருந்த சோடியம் அசைடு நச்சு மிகுந்தது என்பதால் 1990களில் எல்லா நிறுவனங்களும் மாற்று தேடின. பலர் குவானிடின் நைட்ரேட் பக்கம் போனார்கள். டகாட்டா அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது. விலை மலிவு, எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும், சாம்பல் குறைவு என்பதால் குடுவையையும் சிறிதாக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கவர்ச்சியான தேர்வுதான். ஆனால் அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். அதோடு 32 டிகிரி செல்சியஸை ஒட்டி அதன் படிக அமைப்பு மாறி, கன அளவும் மாறும். இந்த மாற்றத்தை அடக்க வேறு உப்பைக் கலந்தார்கள். ஈரத்துக்கும், பகலில் சூடேறி இரவில் தணிகிற அன்றாடச் சுழற்சிக்கும் அந்தக் கலப்பு ஈடுகொடுக்கவில்லை.

பட்டாசு நமத்தால் புஸ்ஸென்று அணைந்துவிடும் என்பது நம் அனுபவம். இங்கே விளைவு தலைகீழ். ஈரமும் வெப்பச் சுழற்சியும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்போது வில்லை உப்பி, உள்ளே நுண்துளைகள் பெருகுகின்றன. தீ ஒரே கணத்தில் பற்றக்கூடிய பரப்பு அதனால் அதிகமாகிறது. பொறுமையாக எரிய வேண்டிய வில்லை வெடிமருந்தைப் போல் நடந்துகொள்கிறது. டகாட்டாவின் பல வடிவங்களில் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திப் பொருள்கூட வைக்கப்படவில்லை. 2016இல் வெளியான மூன்று தனித்தனி ஆய்வுகளும் ஈரம், வெப்பச் சுழற்சி, காலம் ஆகியவற்றையே சுட்டின. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் ஆறு முதல் ஒன்பது ஆண்டுகளிலேயே இந்த இன்ஃப்ளேட்டர்கள் ஆபத்தான நிலையை எட்டக்கூடும் என்று கணக்கிட்டு, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் அப்படிப்பட்ட மாநிலங்களின் வண்டிகளை முதலில் திரும்ப அழைக்க வைத்தது. நம் விதியின் ஏழு ஆண்டு அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. ஃபுளோரிடாவுக்கும் டெக்சாஸுக்கும் அப்படியென்றால் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் மும்பைக்கும் எப்படி என்று நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. சித்திரை வெயிலில் நாளெல்லாம் வெட்டவெளியில் நிற்கும் காரின் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தவர்கள்தானே நாம்.

டகாட்டா விவகாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 6.7 கோடி அளவில் இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. உலக அளவில் அது 10 கோடியைத் தொட்டது. 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக்கில் ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் இறந்தார். அமெரிக்காவுக்கு வெளியே உறுதியான முதல் மரணம் அது. நம்மைப் போலவே வெயிலும் ஈரமும் சேர்ந்து வாட்டும் நாடு. இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் டகாட்டா பொருத்திய கார்களைத் தாமாக முன்வந்து அழைத்து மாற்றித் தந்தன. அதில் பல கார்கள் அப்போதே ஏழு வயதைத் தாண்டியவை. இன்றைய விதியின்படி அப்படிப்பட்ட கார்களைத் திரும்பப் பெற நீங்கள் உத்தரவிட இடமில்லை. கம்பெனியின் நல்ல மனத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

கட்டாய அழைப்பு, உரிமையாளர்கள் பதிவு செய்யும் புகார்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அமைந்திருப்பது அடுத்த சிக்கல். இன்ஃப்ளேட்டர் சத்தம் போடாது, அதிராது, மைலேஜ் குறையாது. டாஷ்போர்டில் உள்ள ஏர்பேக் விளக்கு மின்சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். வில்லை எந்த நிலையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உரிமையாளர் எதை வைத்துப் புகார் கொடுப்பார்? குடுவை பிளந்த பிறகு புகார் கொடுக்க அவர் உயிரோடு இருப்பாரா? 2014இல் ஆர்லாண்டோவில் ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்த காயங்களைக் கண்ட போலீசார், யாரோ கத்தியால் குத்தியதாகவே முதலில் விசாரித்தார்கள். அது டகாட்டா இன்ஃப்ளேட்டரின் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. நம் ஊரில் இப்படி ஒருவர் இறந்தால் முதல் தகவல் அறிக்கையில் "சாலை விபத்து" என்று எழுதிக் கோப்பை மூடிவிடவே வாய்ப்பு அதிகம். விபத்தின் வேகத்துக்குப் பொருந்தாத ஆழமான வெட்டுக்காயம் இருந்தால் இன்ஃப்ளேட்டரைக் கைப்பற்றிச் சோதிக்க வேண்டும் என்று காவல்துறைக்கும் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களுக்கும் வழிகாட்டுதல் வேண்டும்.

டகாட்டா 2017இலேயே திவாலாகிவிட்டது, பழைய கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏ.ஆர்.சி. என்ற வேறொரு நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில், வெல்டிங்கின்போது உருவாகும் கசடு வாயுத் துளையை அடைத்து வெடிப்புக்குக் காரணமாகலாம் என்று கருதி, சுமார் 5.2 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்ப அழைக்க வேண்டும் என்ற முதற்கட்ட முடிவை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அந்தக் குறையின் காரணம் வேறு. ஆனால் அங்கும் அரிதாக, வெளியே தெரியாமல், வண்டி விற்று ஆண்டுகள் கழித்தே வெடிப்புகள் நடந்தன. இன்னொரு பக்கம், 2024இல் போலி ஏர்பேக் தயாரித்த கும்பலை தில்லி போலீசார் பிடித்தார்கள். விபத்துக்குப் பின் மாற்றிய ஏர்பேக்கினுள் இருப்பது அசல்தானா என்று செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவரால் எப்படி அறிய முடியும்?

தயாரிப்பாளரின் சோதனைத் தாளை மட்டும் நம்புவதும் போதாது. சோதனை முடிவுகளைத் திரித்துக் கார் நிறுவனங்களை ஏமாற்றிய வழக்கில் டகாட்டா 2017 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும், அபராதமும் இழப்பீடுமாக 100 கோடி டாலர் தரவும் இசைந்தது. புத்தம்புதிய மாதிரிகள் சோதனையில் தேறிவிடும்; பத்து மழைக்காலம் கண்டவை தேறுமா என்பதே கேள்வி. அதற்கு அரசிடம் வழி இருக்கிறது. பழைய வாகனங்களைப் பிரித்தழிக்கும் மையங்களுக்கு வரும் கடலோர மாவட்டக் கார்களிலிருந்து இன்ஃப்ளேட்டர்களைப் பாதுகாப்பாகக் கழற்றி, மாதிரிக்குச் சில நூறு என்று எடுத்து, மூடிய கலத்தில் இயக்கி அழுத்தத்தை அளக்கலாம். ஒரகடத்தில் நம் பணத்தில் எழுந்த வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சென்னையைச் சுற்றிலும் கார் ஆலைகளும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். முடிவுகளைப் பொதுவில் வையுங்கள். உலர்த்தி இல்லாத அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இனி ஒப்புதல் தராதீர்கள். எந்த வேதிப்பொருள், எத்தனை ஆண்டு ஆயுள் என்பதை ஒப்புதல் ஆவணத்தில் எழுதச் சொல்லுங்கள்.

திரும்ப அழைப்புச் செய்தி முதல் உரிமையாளரோடு நின்றுவிடுவதையும் மாற்ற வேண்டும். அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்'-இல் சேசிஸ் எண் இருக்கிறது, இப்போதைய உரிமையாளரின் கைபேசி எண்ணும் இருக்கிறது. பெயர் மாற்றத்தின்போதும், இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதும், வாடகைக் கார்கள் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும்போதும் நிலுவையிலுள்ள அழைப்பைக் காட்டுவது ஒன்றும் பெரிய வேலையல்ல.

இதைப் படிக்கும் பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. பயந்து ஏர்பேக் இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். அமெரிக்காவில் முன்பக்க ஏர்பேக்குகள் முப்பது ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்ததாக அந்நாட்டு அரசின் கணக்கு சொல்கிறது. உங்கள் காரின் சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் இட்டு, அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்; தள்ளிப்போடாமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

ஓட்டுநர் ஏர்பேக்கை 2019 ஜூலை முதல் கட்டாயமாக்கினீர்கள். அந்த மாதத்தில் தயாரான கார்களுக்கு 2026 ஜூலையில் ஏழு வயது நிறைகிறது. அதன்பின் மாதாமாதம் ஆயிரக்கணக்கான கார்கள் விதியின் பாதுகாப்பிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். சோதனைத் திட்டத்துக்கும் தகவல் இணைப்புக்கும் காலம் பிடிக்கும் என்பது புரிகிறது. ஏர்பேக் இன்ஃப்ளேட்டருக்கு வயது வரம்பு பொருந்தாது என்ற ஒரு வரியை விதியில் சேர்க்க ஓர் அறிவிக்கை போதும். அதை முதலில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாகன உதிரிபாகத் துறையில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர்,
சென்னை