அளவுகோல் எங்கள் கையிலும் இருக்கட்டும்: வாகனச் சோதனைத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

வாகனப் பாதுகாப்புச் சோதனைக்கு விதி வகுப்போருக்கும், சோதனை மையங்களுக்கு உரிமம் வழங்கி மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கெடு தவறாமல் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவருகிறவர்களில் ஒருவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். சோதனையைத் தளர்த்துங்கள் என்று கேட்க வரவில்லை. பிரேக் பிடிக்காத லாரியும், ஒற்றை ஹெட்லைட்டோடு எதிரே வரும் காரும் என் பிள்ளைகள் போகும் அதே சாலையில்தான் ஓடுகின்றன. அவற்றை நிறுத்திப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். எந்த அளவுகோலை வைத்து எங்கள் வண்டியை அளக்கிறீர்களோ, அதை வண்டி மையத்துக்கு வருவதற்கு முன்பே எங்கள் கையிலும் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டதால், சென்ற முறை அவருடைய வேனைச் சோதனைக்கு ஓட்டிச் சென்றவன் நான். பட்டியலில் இருந்த மையங்களில் அருகில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து, பத்து நாளைக்கு முன்பே பதிவு செய்திருந்தோம். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, பணியாளர் வேனின் கதவைத் திறந்து, கதவுத் தூணில் பதித்திருந்த எடைத் தகட்டைக் குனிந்து படித்தார். பிறகு நிமிர்ந்து, “இந்த எடைப் பிரிவைச் சோதிக்க எங்களுக்கு அனுமதி இல்லை, ஐயா” என்றார். அவர் மீது தவறில்லை, விதி அப்படித்தான். ஆனால் அந்த விதி நாங்கள் பார்த்த பட்டியலில் எங்கும் இல்லை; முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன. வேனின் சோதனைச் சான்று முடிய ஒரே நாள் பாக்கி. ஆவணங்களைப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்தபடி, “இப்ப எங்க தம்பி போறது?” என்று பெரியவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில்தான் முதல் மாற்றம் வேண்டும். எல்லா மையமும் எல்லா வண்டியையும் சோதிப்பதில்லை என்பது உங்களுக்கு அன்றாடச் செய்தி, எங்களுக்கு அல்ல. பிரிட்டனை எடுத்துக்கொண்டால், மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பிரிவு, சாதாரணக் காருக்கு ஒரு பிரிவு, 3,000 கிலோவுக்கு மேல் 3,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வேனுக்கு இன்னொரு பிரிவு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். காரைச் சோதிக்கும் பட்டறைக்குப் பெரிய வேனைச் சோதிக்கும் அனுமதி இருக்கவேண்டும் என்பதில்லை. வண்டியை உயர்த்தும் தூக்கியின் தாங்குதிறன், பிரேக்கை அளக்கும் ரோலரின் அளவு, பரிசோதகர் பெற்ற பயிற்சி எல்லாம் வண்டிக்கு வண்டி வேறுபடுவதால் இந்தப் பிரிவினை நியாயமானதே. ஆனால் எங்கள் வண்டி எந்தப் பிரிவு என்பது பதிவு ஆவணத்தின் வழியாக உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டியைச் சோதிக்க உரிமம் பெற்ற மையங்கள் மட்டும், அருகில் இருப்பது முதலில் வரும்படி, எந்தத் தேதியில் இடம் இருக்கிறது என்பதோடு காட்டும் ஏற்பாடு ஏன் எல்லா இடத்திலும் இருக்கக்கூடாது? இணையம் பழகாதவர்களுக்கு அதே தகவலைத் தொலைபேசியில் சொல்ல ஓர் ஆள் இருந்தால், பெரியவரைப் போன்றவர்கள் என்னைப் போன்ற ஒருவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மையத்தைத் தேடும்போது மக்கள் மனத்தில் ஓடும் இன்னொரு கேள்வியையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: சோதிப்பவரும் பழுது பார்ப்பவரும் ஒருவரேயானால், அவர் சொல்லும் பழுதை எப்படி நம்புவது? இதற்கு நாடுகள் கண்ட விடைகள் வெவ்வேறு. அயர்லாந்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய கார்ச் சோதனைத் திட்டத்தில், சோதனை மையங்கள் பழுது பார்ப்பதே இல்லை. ஜெர்மனியில் டியூவ், டெக்ரா போன்ற தனி அமைப்புகளின் பரிசோதகர்கள் சோதிக்கிறார்கள். நெதர்லாந்தில் பட்டறைகளே சோதிக்கலாம். ஆனால் தேறிய வண்டிகளில் ஒரு பகுதியை வாகனத் துறையின் ஆட்கள் முன்னறிவிப்பின்றி மறுபடி சோதித்துப் பார்க்கிறார்கள். பிரிட்டனிலும் பட்டறைகளே சோதிக்கின்றன. அதோடு, உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் சொந்த வண்டிகளுக்காக நடத்தும் மையங்கள் சில பொதுமக்களுக்கும் திறந்திருக்கின்றன. பொதுமக்களின் வண்டியைப் பழுது பார்க்கும் வேலை அங்கே இல்லாததால், இல்லாத பழுதைச் சொல்ல அவற்றுக்குத் தேவையும் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் அவற்றைத் தேடிப் போகிறார்கள்.

அரசே எல்லாவற்றையும் நடத்தினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். வடக்கு அயர்லாந்தில் அப்படித்தான் நடக்கிறது. 2020 ஜனவரியில் அங்கே சோதனை மையங்களின் தூக்கிகளில் விரிசல் தென்பட்டதால் கார்ச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. வேறு போக்கிடம் இல்லாததால் சான்றின் காலத்தை நான்கு மாதம் நீட்டிக்கும் விலக்குச் சான்றுகளை வழங்க வேண்டியதாயிற்று. எனவே எந்த முறை சிறந்தது என்ற வழக்கை நான் இங்கே தொடுக்கவில்லை. மையங்களின் பட்டியலில், “இங்கே பழுதும் பார்க்கப்படும்”, “இங்கே சோதனை மட்டுமே” என்ற இரண்டில் எது பொருந்துமோ அதை எழுதிவிடுங்கள். தேர்வை எங்களிடம் விடுங்கள்.

இனி விதிகளுக்கு வருகிறேன். என் மனக்குறையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

டயரை எடுத்துக்கொள்வோம். “டயர் நல்ல நிலையில் இருக்கவேண்டும்” என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. நல்ல நிலை என்றால் என்ன? பரிசோதகரின் கையில் சிறிய ஆழமானி ஒன்று இருக்கிறது. அதன் முள்ளை டயரின் பள்ளத்தில் ஊன்றி, மில்லிமீட்டர் கணக்கில் படித்துவிட்டுத்தான் அவர் முடிவு சொல்கிறார். ஐரோப்பிய நாடுகளில் காருக்கான குறைந்தபட்ச அளவு 1.6 மில்லிமீட்டர். பிரிட்டனில் இந்த ஆழம் டயர் அகலத்தின் நடு முக்கால் பாகத்தில், சுற்றளவு முழுவதும் இருக்கவேண்டும். அதாவது நான்கு இடத்தில் நன்றாக இருந்து, ஐந்தாவது இடத்தில் தேய்ந்திருந்தாலும் வண்டி தேறாது. இதைவிட எளிய செய்தி ஒன்று உண்டு: கார் டயரின் முக்கியப் பள்ளங்களின் அடியில், குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகளைத் தயாரிப்பாளர்களே வார்த்து வைக்கிறார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், 1.6 மில்லிமீட்டரை எட்டிவிட்டது என்று பொருள். கருவி வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், விரல் நுனியால் தடவினாலே தெரியும். பல ஆண்டுகள் கார் ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். நானே இதை ஒரு பரிசோதகர் என் விரலைப் பிடித்துப் பள்ளத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் அறிந்தேன். அதற்குள் அந்த டயரோடு ஒரு மழைக்காலம் முழுவதும் குடும்பத்தோடு பயணம் செய்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

பிரேக்கும் அப்படியே. மிதித்தால் நிற்கிறது, ஆகவே பிரேக் நன்றாக இருக்கிறது என்பது எங்கள் கணக்கு. மையத்தில் சக்கரங்களைச் சுழலும் ரோலர்களின் மேல் ஏற்றி, பரிசோதகர் பெடலை மெல்ல மெல்ல அழுத்தும்போது, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு ரோலரைத் தடுக்கிறது என்று கருவி காட்டுகிறது. அந்த விசைகளின் கூட்டுத்தொகை வண்டியின் எடையில் எத்தனை விழுக்காடு என்பதே பிரேக்கின் திறன். பிரிட்டனில் சாதாரணக் காருக்கு இது 50 விழுக்காடாவது இருக்கவேண்டும். 2010 செப்டம்பர் 1ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ முதன்முதலாக ஓடத் தொடங்கிய கார்களுக்கு 58. ஹேண்ட் பிரேக்குக்கு 16 விழுக்காடு போதும். ஆனால் மொத்தம் சரியாக இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. முன் சக்கரங்கள் இரண்டில் ஒன்று வலுவாகவும் மற்றது தளர்ந்தும் பிடித்தால், அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். “மிதிச்சா லேசா இடதுபக்கம் இழுக்குது” என்று ஓட்டுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது, ரோலரின் மேல் ஓர் எண்ணாக நிற்கிறது. அந்த எண்ணை நாங்கள் பார்ப்பதில்லை. நாங்கள் காத்திருக்கும் அறைக்கு வந்து சேர்வது “பிரேக் சரியில்லை” என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான்.

ஆகவே, முடிவுத்தாளில் அளவை எழுதுங்கள். எந்தச் சக்கரம், எவ்வளவு இருந்தது, எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்ற மூன்றும் இருந்தால், மெக்கானிக்கிடம் போய் நிற்கும்போது நாங்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர்களாக இருக்கமாட்டோம். முன்பக்க இடது பிரேக் மட்டும் தளர்ந்திருக்கிறது என்று தாளில் இருந்தால், நான்கு சக்கரத்துக்கும் வேலை வைக்கிறவரிடம் ஏன் என்று கேட்க எங்களுக்கு வாய் இருக்கும். குறையின் கடுமையையும் அதில் குறியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை குறைகளைச் சிறியது, பெரியது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரிக்கிறது. 2018 மே முதல் அந்தப் பிரிவினை நடைமுறையில் இருக்கிறது. சிறிய குறையோடு வண்டி தேறிவிடும். பெரிய குறை இருந்தால் சரிசெய்துவிட்டு மறுசோதனைக்கு வரவேண்டும். ஆபத்தான குறையோடு வண்டியைச் சாலையில் இறக்கவே கூடாது. “ஃபெயில்” என்று முத்திரை குத்திய தாளோடு வெளியே வருகிறவருக்கு, இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா, இழுவை வண்டியைக் கூப்பிடவேண்டுமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்கான விடை தாளிலேயே இருக்கவேண்டும்.

பரிசோதகருக்கான கையேட்டை யாரும் படிக்கும்படி பிரிட்டன் வெளியிட்டிருக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் அது பரிசோதகருக்காக எழுதப்பட்டது. வண்டி உரிமையாளருக்கு வேண்டியது, வீட்டு வாசலில் நின்று பார்க்கக்கூடியவற்றை அவரவர் மொழியில் சொல்லும் நான்கு பக்கம். ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, பிரிந்திருக்கிறதா என்று பார்க்க இன்னும் ஒரு நிமிடம். ஒரு பல்பு எரியாததற்காக ஒரு நாள் கூலியை இழந்து இரண்டாம் முறை வருகிறவர்கள் உங்கள் வரிசையையும் நீளமாக்குகிறார்கள்.

விதிகள் மாறும்போது அதையும் உரக்கச் சொல்லவேண்டும். பிரிட்டனில் இந்தச் சோதனை 1960இல் தொடங்கியபோது, பத்து ஆண்டு பழைய வண்டிகளுக்கு, பிரேக், விளக்கு, ஸ்டியரிங் என்ற மூன்றை மட்டுமே பார்த்தார்கள். தேறாத வண்டிகள் மிகுதியாக இருந்ததால் வயது வரம்பு அடுத்த ஆண்டே ஏழாகவும், 1967இல் மூன்றாகவும் குறைந்தது. டயர் அதன் பிறகே பட்டியலில் சேர்ந்தது. இன்று புகை, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு என்று அந்தப் பட்டியல் நீண்டிருக்கிறது. நீள்வது நல்லதே. ஆனால் போன முறை தேறிய அதே வண்டி, எதுவும் கெடாத நிலையில், இந்த முறை ஏன் தேறவில்லை என்பது உரிமையாளருக்குப் புரியாவிட்டால், அவர் விதியைச் சந்தேகிக்கமாட்டார்; பரிசோதகரைத்தான் சந்தேகிப்பார். கெடுத் தேதியும் இப்படித்தான். புதுக் காருக்கு ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மூன்றாம் ஆண்டில் முதல் சோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இந்தியாவில் வாடகை, சரக்கு வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். நாட்டுக்கு நாடும் வண்டிக்கு வண்டியும் மாறும் இந்தக் கணக்கை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பை முழுவதும் எங்கள் தலையில் ஏற்றாமல், கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்புங்கள்.

சான்று எதைச் சொல்லவில்லை என்பதையும் அதன் முகப்பிலேயே அச்சிடுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள், “சோதனையில் தேறிய வண்டி” என்ற ஒரு சொல்லை நம்பிச் சேமிப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சின் எத்தனை நாள் தாங்கும், கியர்பாக்ஸ், கிளட்ச் எப்படி இருக்கின்றன என்பதைப் பாதுகாப்புச் சோதனை பொதுவாகத் தொடுவதே இல்லை. தொட்டவற்றிலும், அன்றைய நாளில் கண்ட நிலையைத்தான் அது சொல்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்தால் ஒரு வண்டியின் முந்தைய சோதனை முடிவுகளையும், ஒவ்வொரு முறையும் ஓடியிருந்த தூரத்தையும் யாரும் பார்க்கலாம் என்று பிரிட்டனில் வைத்திருப்பதை மற்ற நாடுகளும் செய்தால், வாங்குகிறவர்கள் ஏமாறுவது குறையும்.

இன்னும் ஒன்று. வண்டி சோதிக்கப்படுவதை உரிமையாளர் பார்க்க இடம் கொடுங்கள். பரிசோதகரைத் தொந்தரவு செய்யாத தூரத்தில், ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நின்றாலும் போதும். தூக்கியில் ஏறிய வண்டியின் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டி, வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பதை ஒருமுறை கண்ணால் கண்டவர், அவர் சொல்வதை மறுத்துப் பேசமாட்டார்.

பெரியவரின் வேன் பிறகு வேறொரு மையத்தில் தேறியது. எங்கள் வீட்டிலிருந்து அது நாற்பது கிலோமீட்டர். வேறு எங்கும் சீக்கிரம் தேதி கிடைக்காததால், இடைப்பட்ட பதினொரு நாள் வேன் வாசலிலேயே நின்றது. அவருடைய வேலையும் நின்றது. அவரது அடுத்த கெடு வரும் ஆண்டில் வருகிறது. அதற்குள், எந்தப் பிரிவு வண்டியை எந்த மையம் சோதிக்கும் என்ற பட்டியலையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சோதனைக்கு வண்டி கொண்டுவரும் ஒருவன்