எடையை மட்டும் உரக்கச் சொல்லும் மருத்துவமனைக்கு

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் உங்கள் வெளிநோயாளிகள் பிரிவில் எடை பார்க்க ஏறி நின்றேன். வரிசையின் கடைசி ஆள் வரை கேட்கும்படி "96 கிலோ!" என்று கூவினார் ஊழியர். சரி, அது பழகிப்போனதுதான். உள்ளே மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "வெறும் வயிற்றில் 97. உங்களுக்கு சுகர் இல்லை, எடையைக் குறைங்க" என்றார். கொலஸ்ட்ரால் பார்க்க எழுதித் தரச் சொன்னேன். "அது சுகர் இருக்கிறவங்களுக்கு" என்று பதில் வந்தது. மூன்று வருடமாக இதே பதில்தான்.

இந்த முறை வெளியே நானே பார்த்துக்கொண்டேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 196. 200-க்குள் இருக்கிறதே என்று அந்தத் தாளையும் மடித்துக் கையில் கொடுத்திருப்பீர்கள். கீழே உள்ள வரிகளைப் பாருங்கள். 150-க்குள் இருக்க வேண்டிய டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு, 260. பெண்களுக்கு 50-க்குக் குறையக் கூடாத எச்டிஎல், அதாவது நல்ல கொழுப்பு, 36. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. நீரிழிவு என்று சொல்ல 6.5 ஆக வேண்டும்தான். ஆனால் 5.7-லேயே அதன் வாசல் வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நீரிழிவு உள்ள என் அண்ணனுக்கு, அவர் கேட்காமலே நீங்கள் எல்லாம் பார்க்கிறீர்கள். அவருடைய டிரைகிளிசரைடும் கிட்டத்தட்ட என்னுடைய அளவுதான். வயிற்றுக் கொழுப்பிலிருந்து கொழுப்பமிலங்கள் கல்லீரலுக்குப் போகின்றன, கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் தள்ளுகிறது, எச்டிஎல் இறங்குகிறது. சர்க்கரை ஏறும் வரை இது காத்திருப்பதில்லை. அண்ணனின் கணையம் களைத்துவிட்டது, என்னுடையது இன்னும் ஓவர்டைம் பார்த்து இன்சுலின் சுரந்து சர்க்கரையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஓவர்டைமுக்குத்தான் "சுகர் இல்லை" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். உடல்பருமனோடு வருகிறவருக்கு, நீரிழிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்துப் பாருங்கள். எல்லோருக்கும் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லவில்லை. என்னைவிட எடை கூடிய தோழி ஒருத்திக்கு எல்லா எண்ணும் ஒழுங்காக இருக்கிறது. பார்த்ததால்தானே அது தெரிந்தது?

எடை குறைய வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே டிரைகிளிசரைடு இறங்கத் தொடங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், "குறைங்க" என்ற ஒற்றைச் சொல்லைவிட உதவியாக இருந்திருக்கும். ஆனால் உங்களிடம் தலைவலி என்று வந்தாலும் எடைதான், முழங்கையை இடித்துக்கொண்டு வந்தாலும் எடைதான். குண்டாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு காய்ச்சல் வரக்கூட உரிமை கிடையாது போலிருக்கிறது!

மன்னிக்கவும், கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். நீரிழிவு இருந்தால்தான் கொழுப்பைப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்; இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், தாளை மடிப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று எங்களிடமும் சொல்லுங்கள். அப்புறம், அந்த எடையைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வெளிநோயாளி ஒருத்தி