இச்சாப்பூர் துப்பாக்கி பழசல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய ராணுவத் துப்பாக்கிகளை மாற்றியமைத்து அடுத்த போருக்கு அனுப்பிய கதையைச் சென்ற இதழில் விரிவாக வெளியிட்டிருந்தீர்கள். 1910 மாடல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியின் மேல் இன்றைய குறிநோக்கியை மாட்டி உக்ரைன் வீரர்கள் சுடுவதில் தொடங்கி, கட்டுரை நன்றாகத்தான் போகிறது. இந்தியாவுக்கு வந்ததும் வழுக்கிவிட்டது. 1962 சீனப் போருக்குப் பிறகு, கையிருப்பில் இருந்த திரீ நாட் திரீ (.303 அங்குலம்) துப்பாக்கிகளின் குழலைக் கடைந்து 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றபடி ஆக்கினார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, வேலை பார்த்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

திரீ நாட் திரீயின் குண்டு ஏறத்தாழ 7.9 மி.மீ. பருமன். 7.62 என்று பெயர் வைத்த நேட்டோ தோட்டாவின் குண்டோ 7.82 மி.மீ.தான். கடைந்தால் துளை பெரிதாகும், சின்னதாகுமா? குழலையே கழற்றிவிட்டு வேறு மாட்ட வேண்டும். அது மட்டுமல்ல. பழைய தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு, புதியதில் கிடையாது. ஆகவே சுட்ட தோட்டாவை இழுத்துத் தள்ளும் கொக்கியும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசினும் மாற வேண்டும். சுடும்போது உள்ளே எழும் அழுத்தமும் 7.62-இல் அதிகம். அதனால்தான் வங்காளத்தில் உள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை, பழைய லீ என்ஃபீல்ட், அதாவது திரீ நாட் திரீயின், வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இன்னும் உறுதியான எஃகில் புதிதாகவே துப்பாக்கி செய்தது. முதலில் 2ஏ என்ற மாடல், அப்புறம் 2ஏ1. பார்த்தால் முதல் உலகப் போரில் இருந்து எழுந்து வந்தது மாதிரி இருக்கும், ஆனால் பிறந்தது 1960-களில்.

இப்படி மாற்றுவதெல்லாம் காசில்லாத நாடுகள் செய்கிற வேலை என்றும் ஒரு வரி வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் நன்றாகச் சுடும் நெ. 4 ரக லீ என்ஃபீல்ட் துப்பாக்கிகளைப் பொறுக்கியெடுத்து, தொலைநோக்கி பொருத்தி, மறைந்திருந்து சுடுபவர்களுக்குக் கொடுத்தது. அவற்றில் ஒரு பகுதியை 1970 வாக்கில் 7.62 குழல் மாட்டி எல்42ஏ1 என்ற துப்பாக்கி ஆக்கினார்கள். 1982 ஃபாக்லாந்து போருக்குப் போனது அதுதான். ஹிட்லர் காலத்துத் துப்பாக்கியின் உடம்பு அது. பிரிட்டனுக்கு அப்போது காசில்லையா?

கையிருப்பு போதாமல் மாற்றியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. 1915-இல் போரில் இறங்கிய இத்தாலி, 1870-ஐச் சேர்ந்த வெட்டர்லி துப்பாக்கிகளை வெளியே எடுத்தது. அது 10.4 மி.மீ. துளை, கரிமருந்துக் காலத்துச் சரக்கு. குழலை உள்ளே இன்னும் அகலமாகக் கடைந்து, அதற்குள் 6.5 மி.மீ. துளையுள்ள வேறொரு குழாயைச் செருகினார்கள். சங்ககிரியில் லாரி இன்ஜினுக்குச் சிலீவ் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழல் சரியாகிவிட்டது, ஆனால் குழலின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும் போல்ட் பழசுதானே? புகையில்லா மருந்தின் அடியை அது நெடுநாள் தாங்காது. அதனால் பெரும்பாலும் பின்வரிசைக் காவலுக்கே கொடுத்தார்கள்.

நம் நாட்டுக் கதை கட்டுரையில் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. சேர்வராயன் மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பார்த்தவர்களுக்குத் தெரியும், வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்தின் 1853 மாடல் என்ஃபீல்டும் அப்படித்தான். 1866-இல் அதன் பின்பக்கத்தை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் மூடி வைத்து, பின்னாலிருந்து தோட்டா போடும் ஸ்னைடர் துப்பாக்கி ஆக்கினார்கள். நிமிடத்துக்கு மூன்று தடவை சுட்டவன் பத்துத் தடவை சுட்டான். 1868 அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) படையெடுப்பில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை உட்பட இந்தியப் படைகளும் போயின. ஸ்னைடர் இருந்தது வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம். 1857-க்குப் பிறகு, இந்தியச் சிப்பாய் கையில் இருப்பது எப்போதும் ஒரு தலைமுறை பின்தங்கியிருக்க வேண்டும் என்பது வெள்ளைக்காரர்கள் வைத்த விதி. அவர்கள் அடுத்த ரகமான மார்ட்டினி துப்பாக்கிக்கு மாறிய பிறகு ஸ்னைடர் நமக்கு வந்தது, அவர்கள் மேகசின் துப்பாக்கிக்கு மாறிய பிறகு மார்ட்டினி வந்தது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் .410 மஸ்கட். நல்ல திரீ நாட் திரீயை எடுத்து, குழலை உள்ளே அகலமாக்கி, குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரிகளை நீக்கி வழுவழுப்பாக்கி, மேகசினில் மரக்கட்டை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று ஆக்கி, போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். கூட்டத்தின் கையில் சிக்கினாலும் ராணுவத்தை எதிர்த்து நிற்க உதவாது! வேண்டுமென்றே மட்டமாக்கிய துப்பாக்கி இது. பழசை மாற்றியதற்கு நம் ஊர் உதாரணம் தேடுகிறவர் முதலில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். என்.சி.சி. பிள்ளைகள் காலங்காலமாகச் சுட்டுப் பழகிய .22 நெ. 2 மார்க் 4 கூட அதே திரீ நாட் திரீ உடம்பில் சின்னக் குழல் மாட்டிய ரகம்தான்.

கடைசியாக அந்தப் படம். "முதல் உலகப் போர் துப்பாக்கி, 7.62-க்கு மாற்றப்பட்டது" என்று கீழே போட்டிருக்கிறீர்கள். மேகசினின் அடிப்பக்கம் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கிறது, பழையதில் சரிவாக இருக்கும். குழல் மேல் இருக்கும் குறியளவில் 800 மீட்டர் வரைதான் எண்கள், பழையதில் 2000 கெஜம் வரை போகும். அது 2ஏ1. படக்குறிப்பை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர்,
சூரமங்கலம், சேலம்.