ஆற்றைப் பார்க்க விடியலில் வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெண்ணாற்றிலிருந்து பிரிந்து எங்கள் ஊர் வழியாகப் போகும் சிற்றாற்றில் இந்த மாசி மாதம் மீன் செத்து மிதந்தது. கெண்டை, கெளுத்தி, ஜிலேபி எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஒதுங்கின. விரால் மட்டும் ஒன்றிரண்டு தப்பியது. அது மேலே வந்து வெளிக்காற்றை எடுத்துக்கொள்ளும் மீன். தண்ணீரில் விஷம் கலந்திருந்தால் விராலும் சேர்ந்துதான் செத்திருக்கும், ஆகவே மற்ற மீன்கள் மூச்சு முட்டித்தான் செத்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே அரை மைலில் ஓர் அரிசி ஆலை இருக்கிறது. புழுங்கல் அரிசிக்கு நெல் ஊற வைத்த தண்ணீரை, அந்தப் புளித்த வாடையோடு, ஆற்றில்தான் விடுகிறார்கள். புகார் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து ஓர் அதிகாரி மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தார், குழாய் வாயில் ஒரு பாட்டிலில் பாதி பிடித்தார், கிளம்பிவிட்டார். 'வரம்புக்குள் இருக்கிறது' என்று பதில் வந்தது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, ஆற்றைப் பார்த்த விதம்தான் தப்பு.

நெல் ஊறிய தண்ணீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தீர்த்துவிடும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதனால் குழாய் வாயைவிடக் கொஞ்ச தூரம் கீழே போன பிறகுதான் நிலைமை ரொம்ப மோசமாக இருக்கும், எங்கள் மீன் செத்ததும் அங்கேதான். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். இரவெல்லாம் பாசியும் சேர்ந்து மூச்சு வாங்குவதால் விடிவதற்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும், அந்த நேரத்தில் படித்துறையில் நின்றால் மீன் வாயைத் திறந்து மேலே தவிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்புறம் அந்தப் பாதி பாட்டில்! மேலே காற்று நிற்க வைத்துக் கொண்டுபோனால் வழியெல்லாம் குலுங்கி அந்தக் காற்றே தண்ணீரில் கரைந்துவிடாதா? கரைந்த ஆக்சிஜனை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும், இல்லையென்றால் குமிழியே இல்லாமல் நிரப்பி அங்கேயே மருந்து விட்டு ஆக்சிஜன் அளவு மாறாமல் நிறுத்த வேண்டும்.

வரம்பு என்கிறார்களே, அதையும் பார்ப்போம். ஆலையிலிருந்து ஆற்றில் விடும் தண்ணீரின் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். மனிதர் குளிக்கும் ஆற்றில் அது 3-க்கு மேல் போகக் கூடாது. இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தை ஆற்றுத் தண்ணீர்தான் கலந்து குறைக்க வேண்டும். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடி, கீழே சட்ரஸையும் (மதகுக் கதவுகளையும்) அடைத்த பிறகு கலக்க ஆற்றில் என்ன இருக்கிறது? முழங்கால் அளவு தேங்கிய தண்ணீர்தான். அடுத்து ஜூன் 12-ல் திறந்தால்தான் உண்டு.

தண்ணீர் ஓடிப் போய்விடும், ஆற்றின் அடியில் இருப்பது ஓடாது. நானும் என் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு மேலே உள்ள படித்துறையில் உடைந்த செங்கல் ஒன்றைப் புரட்டினோம். அடியில் நத்தை, தட்டான் குஞ்சு, வாலில் மூன்று இழையோடு நெளியும் சின்னப் பூச்சிகள். ஆலைக்குக் கீழே அதே மாதிரி ஒரு செங்கல்லைப் புரட்டினால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஏதோ படிந்திருந்தது, கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம், சேற்றுக்குள் நூல் போலச் சிவப்புப் புழுக்கள். வேறு ஒரு பூச்சி இல்லை. அந்தப் புழுவின் சிவப்பு நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான், ஆக்சிஜன் அற்றுப்போன சேற்றில் அது பிழைப்பதே அதனால்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இப்படிப் பூச்சிகளைப் பார்த்து ஆற்றுக்கு மதிப்பெண் போடும் முறையை வைத்திருக்கிறது. சரி, அதை ஏன் எங்கள் ஊரில் செய்யக் கூடாது?

ஜூனில் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போவதற்கு முன் வாருங்கள். ஆலைக்கு மேலே ஓர் இடம், குழாய் வாய், மீன் செத்த இடம், மூன்றிலும் விடியுமுன் அளந்து பாருங்கள், சேற்றையும் கொஞ்சம் அள்ளிப் பாருங்கள். வந்த எண்களைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். நாலரை மணிக்கே டார்ச்சோடு நான் படித்துறையில் நிற்கிறேன்.

ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்