காற்றடிக்கும் ஊரில் காற்றில்லாத மண்டபம்

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியானேன். இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிய்த்து வாங்குகிறது. கொடியில் போட்ட வேட்டியை அடுத்த தோப்பில் போய்த்தான் எடுத்து வருகிறேன்.

இப்படிக் காற்றடிக்கும் ஊரில்தான் என் தங்கச்சி மூச்சுக்குத் திணறினாள்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். புது ஏசி மண்டபம். குளிர் வெளியே போய்விடும் என்று கதவெல்லாம் சாத்தியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளைத் திறக்கவே முடியாதபடி திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள். உள்ளே நானூறு பேர், ஓமப்புகை, போதாததற்குச் சாம்பிராணி வேறு. தாலி கட்டும் நேரத்தில் இருமத் தொடங்கினாள். அவளுக்கு ஆஸ்துமா இருப்பது உனக்குத் தெரியுமே. கெட்டிமேளச் சத்தத்தில் அவள் நெஞ்சு விசிலடித்தது யாருக்கும் கேட்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வாசல் படிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். இன்ஹேலரை இரண்டு தரம் இழுத்தாள். காற்று முகத்தில் அடிக்க அடிக்க, கால் மணி நேரத்தில் பேச்சு வந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அங்கேயும் அதே கதைதான். சின்ன அறை, கண்ணாடிக் கதவு, ஏசி, இருமிக்கொண்டு இருபத்தைந்து பேர். அவள் மகன் கரியமில வாயு அளக்கும் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறான். வெளியே பத்து லட்சத்தில் 430 பங்கு காட்டியது, அந்த அறைக்குள் 2,700. இந்த அளவு வாயு நஞ்சில்லை. ஆனால் அந்த அறையில் அது வேறெங்கிருந்து வரும்? எல்லாம் மனிதர்கள் விட்ட மூச்சு. கணக்குப் போட்டுக் காட்டினான். நாங்கள் இழுத்த பதினேழு மூச்சில் ஒரு மூச்சு, ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது.

அப்புறம் எனக்கு அங்கே உட்கார மனம் வரவில்லை. உலகத்துக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் நம் நாட்டில்தான் இருக்கிறார். அந்தக் கிருமி மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். நோய் தீர்க்கப் போகிற இடத்திலேயே ஜன்னலை அடைத்து வைத்தால் எப்படி?

ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி அப்படிச் செய்வதில்லை. அறைக்காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே இருக்கிற பெட்டி வெப்பத்தைத் தள்ள மட்டும்தான். குளிர்ச்சியாக இருப்பதால் சுத்தம் என்று தோன்றிவிடுகிறது. ஓமப்புகையில் இருக்கும் பொடித்தூள் முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அது நுரையீரலின் அடிவரை இறங்கும்.

நாம் காலேஜுக்குப் போன பஸ் ஞாபகம் இருக்கிறதா? மழைநாளில் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே பாதிப்பேர் பீடி பிடிப்பார்கள். அதை நிறுத்தவே முடியாது என்றார்கள். 1999-ல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை போட்டது. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க விதி இறுகியது. இன்றைக்குப் பஸ்ஸில் ஒருவன் பற்றவைத்தால் சுற்றியிருப்பவர்களே சத்தம் போடுகிறார்கள். மூடிய ஜன்னலுக்கும் அப்படி ஒரு காலம் வரும் என்று நம்புகிறேன்.

மண்டப மேனேஜரிடம் பேசினேன். கரண்ட் பில் ஏறும் என்றார். மேலே இருக்கிற நாலு ஜன்னலையாவது திறந்து, ஓமம் நடக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சரி என்றார். அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்ப் பார்ப்பேன்.

வைகாசியில் உன் மகள் கல்யாணம். பொள்ளாச்சியில் மண்டபம் பார்க்கப் போகும்போது சாப்பாட்டுக்கூடம், பார்க்கிங் எல்லாம் பார். ஆனால் முதலில் ஒரு ஜன்னலைக் கையால் தள்ளித் திறந்து பார். தங்கச்சியும் என்னோடு வருகிறாள்.

உன் மச்சான்