உலக முடிவுக்குப் போகிறவளுக்கு

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு மாமியையும் பிள்ளைகளையும் கனடா மச்சாளையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறாய். இத்தனை வருடமாக நான் கூப்பிட்டு வராதவள், மச்சாள் கேட்டதும் புறப்படுகிறாய். அதை நேரில் பேசிக்கொள்ளலாம். ஹோட்டன் சமவெளிக்குப் போக நுவரெலியாவில் எந்த ஹோட்டல் நல்லது என்று கேட்டிருந்தாய். என்னைக் கேட்டால் அந்த இரவுக்கு நுவரெலியாவே வேண்டாம் என்பேன்.

நீங்கள் பார்க்க வருவது உலக முடிவை. சமவெளி சட்டென்று அறுந்து சுமார் 870 மீற்றர் கீழே இறங்குகிற இடம் அது. ஆனால் அங்கே எதுவும் தெளிவாகத் தெரிவது காலை ஒன்பது மணி, மிஞ்சிப்போனால் பத்து மணி வரைதான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பி விளிம்பை மறைத்துவிடும். பிந்திப் போகிறவர்கள் வெறும் வெள்ளைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். சமவெளி ஒரு தேசியப் பூங்கா, வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். பிள்ளைகளோடு நடந்தால் மூன்று மணிநேரத்துக்குக் குறையாது. முதலில் உலக முடிவுக்குப் போய்விட்டு, பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருவி பனிக்கு ஓடிவிடாது.

ஆகவே ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்பதை விடு. ஆறு மணிக்கு வாசலில் நிற்க எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்று பார். நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீற்றர். அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வளைந்து வளைந்து போக ஒரு மணிநேரத்துக்கு மேலாகும். நாலரைக்கே வான் புறப்பட வேண்டும். என் தம்பி குடும்பம் அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் கூடுதல் பணம் கட்டி ‘ஏரி தெரியும் அறை’ எடுத்தது. இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பினார்கள். அவர்கள் ஏரியைக் கண்டது, பில் கட்டும்போது வரவேற்பறைச் சுவரில் தொங்கிய படத்தில்தான்!

இன்னொரு காரணம் மழை. நீங்கள் வரும் நாட்களிலும் தென்மேல் பருவக்காற்று ஓய்ந்திருக்காது. உங்கள் ஊரில் சோளகம் என்று சொல்கிற அந்தக் காற்றுதான் இங்கே மழையை ஏற்றிக்கொண்டு வந்து நுவரெலியாப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. மலை முதுகைத் தாண்டி ஊவாப் பக்கம் வந்தால் அதே காற்று காய்ந்து வீசும். பட்டிப்பொலவில் நனைந்துகொண்டு சுரங்கத்துக்குள் நுழையும் ரயில், ஒஹியப் பக்கம் வெயிலில் வெளியே வருவதை நான் பார்த்திருக்கிறேன். மார்கழி, தையில் வருவதாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அப்போது மழை ஊவாப் பக்கம் பெய்யும். உன் நாட்களுக்கு ஒஹியவில் தங்குவதுதான் சரி. அங்கிருந்து பூங்காவுக்குத் தனி வாசல் உண்டு. பாதை ஒடுக்கம், ஏற்றம் செங்குத்து, என்றாலும் தூரம் பதினொரு கிலோமீற்றர் அளவுதான். சின்னச் சின்ன விடுதிகள், இரண்டொரு கடைகள், ரயில் நிலையம், அதற்கு மேல் ஊரில் ஒன்றும் இல்லை. மச்சாளுக்குச் சலிக்கும் என்று பயந்தால் ஹப்புத்தளையில் எடு. கடைத்தெருவும் இருக்கும், கோயிலும் இருக்கும். ஆனால் காலையில் இன்னும் முன்னதாக எழும்ப வேண்டும்.

பூங்காவுக்குள்ளேயே தங்க முடியாதா என்று உன்னவர் கேட்பார். முடியும். மகாஎலிய, கினிஹிரிய என்று வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்கள் உள்ளே இருக்கின்றன. பகல் கூட்டம் வெளியேறிய பிறகு புல்வெளிக்கு மரைகள் இறங்குவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் முன்கூட்டியே திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும், அரிசி பருப்பிலிருந்து எல்லாவற்றையும் நீங்களே கொண்டு போக வேண்டும். 2,100 மீற்றருக்கு மேலே ராக்குளிர் எப்படியிருக்கும் என்று மாமிக்கு யார் விளங்கப்படுத்துவது? பிள்ளைகள் வளர்ந்த பிறகு நாம் இரண்டு பேரும் மட்டும் அங்கே போவோம். மாமி இல்லாமல், மச்சாள் இல்லாமல். முன்பெல்லாம் பார் இன்னிலும் தங்கலாம். தோமஸ் பார் என்ற துரையின் வேட்டை விடுதி அது. இப்போது அது பார்வையாளர் நிலையம். நடக்க முடியாத மாமியை அங்கே இருத்திவிட்டு நீங்கள் நடக்கலாம். வான் கண்ணாடி வழியாகவே அவருக்குப் பாதிச் சமவெளி தெரிந்துவிடும்.

‘தோட்டத்துரை பங்களா’ என்று விளம்பரம் செய்கிற இடங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறாய். அழகானவைதான். கணப்படுப்பு, மரத்தரை, ரோஜாப் பாத்தி எல்லாம் இருக்கும். என் அம்மாயி அப்படி ஒரு பங்களாவில் சமையல்கட்டு வேலை பார்த்தவர். முன்வாசலால் ஒருநாளும் உள்ளே போனதில்லை. போன வருடம் மகன் ஆசைப்பட்டு ஒன்றில் அறை எடுத்துத் தந்தான். காலையில் தேநீரைத் தட்டில் வைத்து நீட்டிய பிள்ளை பக்கத்துத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். நான் படிப்பித்த பள்ளிக்கூடம்தான். நித்திரை நன்றாகத்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் மறுபடி போகச் சொன்னால் யோசிப்பேன். நீ போவதென்றால் போ. வேலை செய்கிற பிள்ளைகளின் கையிலேயே ஏதாவது கொடுத்துவிட்டு வா.

அறை பேசும்போது படத்தைப் பார்த்து மயங்காதே, போன் எடுத்துக் கேள். நாலரை மணிக்குச் சுடுதண்ணீர் வருமா? இரவில் மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? கம்பளி ஆளுக்கு எத்தனை? உங்கள் வான் சாரதிக்குப் படுக்க இடம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை. அந்த மனிதர் குளிரில் வானுக்குள்ளேயே சுருண்டு கிடந்துவிட்டு, விடியுமுன் அந்த வளைவுகளில் உங்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். விடுதியில் இடம் இல்லையென்றால் வேறு விடுதி பார்.

காலைச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல், ஆனால் பொலித்தீனில் வேண்டாம். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூட உரித்துவிடுவார்கள். மரைகள் அவற்றைத் தின்றுவிடுவதால் வந்த ஏற்பாடு. வாழையிலையில் சுற்றிய ரொட்டியும் கட்டைச்சம்பலும் போதும். மச்சாளிடம் கனடாக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் வெளிநாட்டார் கட்டணம்தான். உங்கள் எல்லாருடைய டிக்கெட்டையும் கூட்டினாலும் அவருடையதற்குக் கிட்ட வராது. வாசலில் வைத்து அதிர்ச்சி கொடுக்காமல் இப்போதே சொல்லிவிடு.

நுவரெலியாவை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. முதல்நாள் அந்த வழியாக வாருங்கள். சீத்தாஎலிய அம்மன் கோயிலில் மாமி கும்பிடட்டும், ஹக்கலைப் பூங்காவில் பிள்ளைகள் ஓடட்டும். ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாடு என்று உன்னவர் ஆசைப்பட்டால், 1876இல் தொடங்கிய இடம் அது, கழுத்துப்பட்டி கட்டாமல் விடமாட்டார்கள் என்று சொல். அதைக் கட்டி அவரை நான் பார்த்தது உங்கள் வரவேற்பில் மட்டும்தான். அன்றைக்கும் பாதியில் கழற்றிவிட்டார்.

என் பாடு பரவாயில்லை. ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது, முழங்கால் ஒழுங்காக வலிக்கிறது. பின்வளவில் லீக்ஸ் நட்டிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது, விலைதான் இல்லை. மகள் கொழும்பில் வேலை மாறிவிட்டாள், புது இடத்தைப் பற்றி வாயே திறக்கிறாள் இல்லை. அதனால் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். உன் பெரியவன் உயர்தரத்தில் எந்தப் பிரிவு எடுக்கிறான் என்று நீ எழுதவே இல்லையே? கணிதம்தான் படிக்க வேண்டும் என்று அவனை நெருக்காதே. நம் வகுப்பில் அப்படி நெருக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது உனக்கே தெரியும்.

திகதியை முடிவு செய்ததும் அறிவி. ஒஹியவில் எனக்குத் தெரிந்த ஒரு விடுதி இருக்கிறது, நானே பேசி வைக்கிறேன். அடுத்த நாள் பகல் சாப்பாடு பண்டாரவளையில் என் வீட்டில்தான். வானைத் திருப்பிக்கொண்டு நேரே ஊருக்கு ஓடலாம் என்று நினைக்காதே. வரும்போது பனங்கட்டியும் ஒடியல் மாவும் கொண்டு வா. ஒடியல் கூழ் நீதான் காய்ச்ச வேண்டும்.

அன்புடன்,
செல்வராணி